மறியல்

கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.
பத்தொன்பது வருடமாகப் பிறர் சொல்லை
என் வாயில் வைத்துப் பிழைக்கிறேன்.

ஒஷாவா நீதிமன்றம், மூன்றாம் மாடி.
இன்றைய குற்றவாளிக்கு நான் தேவையில்லை.
முன்னாள் அமைச்சர். ஆங்கிலம் அவருக்குச் சப்பாத்து மாதிரி,
காலுக்கு அளவெடுத்துத் தைத்தது.

நான் வந்தது நிமலகாந்தனுக்காக.
ஏஜாக்ஸில் இரவு வேலை, ஃபோர்க்லிஃப்ட்.
கட்டாத வீட்டுக்குக் கட்டிய முற்பணம்
இருபத்தேழாயிரம் டொலர்.
அந்தக் காணியில் இன்னும் நிற்கிறது
மண்வெட்டியோடு அமைச்சர் சிரிக்கும் பலகை.
அங்கே மண் வெட்டியது அந்த ஒரு தரம்தான்.

அவருடைய வக்கீல் எழுந்தார்.
முப்பது வருடப் பொதுவாழ்வு,
நூற்றிப் பன்னிரண்டு நற்சான்றுக் கடிதம்,
இருதயத்தில் இரண்டு குழாய்.
பட்ட அவமானமே போதிய தண்டனை.
ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை
ஆங்கிலத்தில் ஒன்றரை மணித்தியாலம் சொன்னார்.
நிமலகாந்தனின் காதுக்குள் நான் முணுமுணுத்தபடி இருந்தேன்.
சறுக்கின ஆனை யார் மேலே விழுந்தது என்று
கேட்க எனக்கு அனுமதியில்லை.

அவர்கள் கேட்டது வீட்டுக்காவல்.
ஏரிக்கரை வீடு, படகுத்துறை,
கணுக்காலில் ஒரு கறுப்புப் பட்டி.
சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தட்டுப்பட்டது.
காவல்.
அடைத்து வைப்பதற்கும் அதுதான் சொல்,
காப்பாற்றுவதற்கும் அதுதான்.
யாரிடமிருந்து யாரை என்று
அந்தச் சொல்லிடம் கேட்டால் சொல்லாது.

இதே அறையில், போன மாசியில்,
கஜரூபன் என்றொரு பெடியன்.
கடையில் பரிசு அட்டை களவெடுத்தவன்,
எல்லாமாய் ஆயிரத்து நானூறு டொலர்.
ஏழு நிமிடத்தில் அறுபது நாள்.
அவனுக்காக ஒரு கடிதமும் வரவில்லை.
தாய் லிஃப்டில் வழி தவறிக் கீழ்த்தளத்தில் நின்றாள்,
மேலே வந்தபோது அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.
அவமானம் என்ற சொல்லை அன்று யாரும் எடுக்கவில்லை.
அவனிடம் அது இருக்குமென்று தோன்றவில்லையோ என்னவோ.

பிறகு நிமலகாந்தன் கூண்டில் ஏறினார்.
விதி இது: என்ன வலித்தது என்று சொல்லலாம்,
என்ன தண்டனை வேண்டும் என்று சொல்லக்கூடாது.
தாளைப் பார்த்து வாசித்தார்.
மகளின் படிப்பு. இரண்டாவது வேலை.
மனைவியோடு பேச்சில்லாத எட்டு மாதம்.
தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
அமைச்சரைப் பார்த்தார்.

"ஐயா, உங்கடை படத்தை என்ரை வாசல்லை நட்டனான்.
உங்களை மறியல்லை போட்டா என்ரை காசு வராது, தெரியும்.
போடாட்டி, மகளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

மறியல்.
எங்கள் ஊரில் அது சிறை.
சென்னைக்காரருக்கு, தெருவை மறித்து உட்காருவது.
வக்கீல்மார் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.
விதி தெரிந்தவள், விழுங்கியிருக்கலாம்.
ஆனால் சத்தியம்.
சிறை என்றே சொன்னேன்.
கூட்டவில்லை, குறைக்கவில்லை.
குரல் மட்டும் கொஞ்சம் கூடிப்போயிற்று.
அதற்கு யாரும் சத்தியம் வாங்கவில்லை.

அந்த வசனத்தைக் கணக்கில் எடுக்கமாட்டேன் என்றார் நீதிபதி.
தீர்ப்பு அடுத்த மாதம் இருபதாம் திகதி.

வெளியே வந்தால் என் காரின் கண்ணாடியில் ஒரு சீட்டு.
பதினொரு நிமிடம் பிந்தியதற்கு முப்பது டொலர்.
என் நன்னடத்தைக்கு யாரிடம் கடிதம் வாங்குவது
என்று யோசித்தபடி நானூற்றியொன்றில் ஊர்ந்து வந்தேன்.

வீட்டுப் பின்வளவில் இருட்டுகிறது.
அவருடைய தேர்தல் பலகையின் கம்பிச் சட்டங்கள் இரண்டு
என்னிடமும் இருக்கின்றன.
படத்தை உருவி எறிந்துவிட்டுப்
பாகற்கொடியைப் படரவிட்டிருக்கிறேன்.
நாலு வருடப் பனியிலும் மழையிலும்
துருவே பிடிக்கவில்லை.
நல்ல கம்பி.